17ஆம் பக்கம்

விஸ்காம் படிக்கிற தம்பியோட சிற்றிதழ் வடிவமைப்புப் பாட நோட்டைப் புரட்டினேன். இன்டிசைன், கிரிட், ஃபாண்ட் எல்லாம் இருக்கு. எதை வெட்டுவது என்பது மட்டும் இல்லை.

ஒரு தாளை 3 முறை மடித்தால் 16 பக்கம். நடுவில் பின் அடிக்கிற இதழ் 4 பக்கம், 4 பக்கமாகத்தான் வளரும். 17ஆம் பக்கத்துக்கு ஒரு கவிதை மிஞ்சினால், இன்னும் 3 பக்கத்துக்கு மேட்டர் தேட வேண்டும். இல்லை, ஒன்றைத் தூக்க வேண்டும். அந்த முடிவுக்குப் பேர்தான் எடிட்டிங். 1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து', விமர்சனத்துக்கும் புதுக்கவிதைக்கும் இடம் கொடுத்ததால்தான் இன்றும் பேசப்படுகிறது; லேஅவுட்டுக்காக அல்ல.

இணையத்தில் எழுதும் நமக்கு 17ஆம் பக்கமே வருவதில்லை. ஸ்க்ரோல் நீள்கிறது, கட்டுரையும் நீள்கிறது.

முதல் வாரம் கணினியைத் திறக்கவே விடக் கூடாது. 20 பக்கப் படைப்புகளைக் கொடுத்து, 16 பக்கத்துக்குள் அடக்கி, விடுபட்ட நண்பனுக்குக் காரணம் சொல்லிக் கடிதம் எழுதச் சொல்லுங்கள். மதிப்பெண்ணை அந்தக் கடிதத்துக்குப் போடுங்கள்.