தூளி ஆடினால் வாயை மூடிக்கொள்ளும் கேமரா

மகன் பிறந்து ஏழு வாரம் ஆகிறது. கரூரில் மாமியார் வீட்டு நடு அறையில், பரண் விளிம்பில் உட்கார்ந்து ஒரு வைஃபை கேமரா அவன் தூளியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. 2,500 ரூபாய்க்குள் கிடைக்கும், தலையைச் சுற்றித் திருப்பும் வகை. இருட்டிலும் தெரியும், எஸ்டி கார்டு போடலாம், இந்தப் பக்கமிருந்து பேசலாம். இந்த விலையில் இதெல்லாம் எல்லோரும் தருவதுதான். எனக்கு வேலை சென்னையில். சனிக்கிழமைதான் ஊருக்குப் போக முடிகிறது. கேமரா வாங்கக் காரணம் மகனுடைய அக்கா. வயது இரண்டரை.

அவளுக்குத் தம்பி மேல் துளிக்கூடப் பொறாமை கிடையாது. அத்தனையும் பாசம், அதுதான் பயமாக இருக்கிறது. கன்னத்தை அழுத்தி அழுத்தி முத்தம் கொடுப்பாள். உச்சிக்குழி துடிப்பதை அவளே கண்டுபிடித்து விரல் வைத்துப் பார்த்தாள். முன் உச்சிக்குழி மூட ஒன்று, ஒன்றரை வயதாகும். மெல்லத் தடவினால் ஒன்றும் ஆகாதுதான், ஆனால் அவள் விரலுக்கு மெல்ல என்பது இன்னும் பழகவில்லை. ‘தம்பிக்குக் குளிருது’ என்று முகத்தோடு சேர்த்துப் போர்த்திவிடுவாள். பிறந்த குழந்தை பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும். முகத்தில் விழுந்த துணியைத் தள்ளிவிட அதற்குத் தெரியாது. கையில் பிஸ்கட் இருந்தால் பாதி தம்பிக்கு.

மூன்றாவது வாரத்தில் ஒரு வியாழக்கிழமை. அன்றைய பதிவை எத்தனை முறை ஓட்டிப் பார்த்தேன் என்று தெரியாது. பிற்பகல் 2:14, மாமியார் தூளியை ஆட்டிவிட்டு வெளியே போகிறார். தூளி ஆடுகிறது, ‘அசைவு தெரிகிறது’ என்று இரண்டு போனிலும் எச்சரிக்கை வருகிறது. முக்கால் நிமிடம் கழித்து வாசலில் மகளின் தலை. கையில் மேரி பிஸ்கட். நேராக வந்து, தொட்டில் கம்பைப் பிடித்து, எம்பி உள்ளே குனிகிறாள். பிறகு கொடியில் கிடந்த துண்டை இழுத்து உள்ளே போடுகிறாள், இரண்டு ஓரத்தையும் கவனமாகச் செருகிவிடுகிறாள். குக்கரை இறக்கிவைத்துவிட்டு மனைவி தற்செயலாக எட்டிப் பார்த்து அந்தத் துண்டை எடுத்தபோது இருபது நொடி ஆகியிருந்தது. குழந்தை நன்றாகத்தான் இருந்தான், உதட்டில் பிஸ்கட் தூள். அந்த இருபது நொடியில் எங்கள் இரண்டு போனும் ஒரு சத்தமும் போடவில்லை.

காரணத்தை அன்று இரவு கண்டுபிடித்தேன். இந்தக் கேமரா ஒரு முறை எச்சரித்தால் அடுத்த மூன்று நிமிடம் மறுபடி எச்சரிக்காது. போன் ஓயாமல் அடித்துத் தொல்லை தரக்கூடாது என்ற நல்ல எண்ணமாக இருக்கலாம். அசையாத கட்டிலில் தூங்கும் குழந்தைக்கு அது சரி. தூளிக்குச் சரிவராது. ஒவ்வொரு ஆட்டலும் ஒரு எச்சரிக்கையைத் தின்றுவிடுகிறது, பிள்ளை உள்ளே வரும் நேரம் கேமரா ஓய்வில் இருக்கிறது. பெட்டியில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. ஆப்பில் மூன்று அடுக்கு தாண்டித்தான் இருக்கிறது, மாற்றவும் முடியாது. இதே நிறுவனத்தின் ரவுட்டர் ஆறு வருடமாக என் வீட்டில் மக்கர் பண்ணாமல் ஓடுகிறது. அந்த நம்பிக்கையில் வாங்கினேன், அதனாலேயே கோபம் கூடுதல்.

பேசும் வசதியையும் சொல்ல வேண்டும். ஒரு நாள் அலுவலகத்திலிருந்து பார்த்தபோது அவள் தூளியருகே நின்றாள். ‘பாப்பா, தம்பியைத் தொடாதம்மா’ என்றேன். குரல் கேட்டதும் முகம் மலர்ந்தது. ‘அப்பா, தம்பி பாரு!’ என்று எனக்குக் காட்டுவதற்காகத் தூளித் துணியைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். நல்லவேளை, மாமியார் பக்கத்திலேயே இருந்தார். அன்றோடு அந்தப் பொத்தானைத் தொடுவதில்லை. சின்ன அக்கா இருக்கும் வீட்டில் தயவுசெய்து நீங்களும் தொடாதீர்கள்.

இரவில் எரியும் 850 நானோமீட்டர் அகச்சிவப்பு விளக்குகள் மங்கலான சிவப்பாகத் தெரியும். மகள் அதைப் பார்க்கவே எழுந்து வருகிறாள். 940 நானோமீட்டர் விளக்கு உள்ளதைத் தேடி வாங்குங்கள், அது கண்ணுக்குத் தெரியாது.

இத்தனைக்குப் பிறகும் கேமராவைக் கழற்றவில்லை. ‘கண்காணிப்புப் பகுதி’ என்ற வசதி காப்பாற்றியது. திரையில் விரலால் கட்டம் போட்டால் அதற்குள் நடப்பதை மட்டும் கவனிக்கும். எல்லோரையும் போல நானும் முதலில் தூளியைச் சுற்றித்தான் கட்டம் போட்டிருந்தேன். இப்போது தூளியை முழுக்க விட்டுவிட்டு, வாசற்படியில் மட்டும் போட்டிருக்கிறேன். தூளி எவ்வளவு ஆடினாலும் போன் அடிப்பதில்லை. பெரியவர் யாராவது வாசலைத் தாண்டிப் போனால் மூன்று நிமிட மௌனம் தொடங்கிவிடும். அந்த நேரம் அவர் வாசலை விட்டு நகரக்கூடாது என்பது வீட்டில் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. ராத்திரியில் டாக்டர் சொன்னபடி தலையணை இல்லாத சமமான படுக்கையில் மல்லாக்க, மனைவிக்குக் கை எட்டும் தூரத்தில். தூளி பகலில் மட்டும், ஆள் நடமாட்டம் இருக்கும்போது மட்டும்.

ஆனாலும் படி மிதித்ததிலிருந்து போன் அடிக்க ஆறு நொடி ஆகிறது. வாசலிலிருந்து தூளிக்கு அவளுக்கு மூன்று நொடி போதும். மீதி மூன்று நொடியை எந்த அமைப்பாலும் வாங்க முடியவில்லை. அதனால் போன வாரம் நிலைச்சட்டத்துக்கு நடுவே இறுக்கி நிறுத்தும் தடுப்புக் கேட் ஒன்று வாங்கி மாட்டினேன், ஆணி அடிக்காமல் நிற்கும் வகை. இப்போது அவள் ஓடி வந்து கேட்டைப் பிடித்து ஆட்டி ‘தம்பி, தம்பி’ என்று கூப்பிடுகிறாள். ஆறாவது நொடியில் போன் அடிக்கிறது. மனைவி வந்து, அவள் இரண்டு கையையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, உள்ளே கூட்டிப் போய்ப் பாதத்தில் மட்டும் முத்தம் கொடுக்க விடுகிறாள்.