எலிப்புண் மூடியது, சரி

ஹைட்ரோஜெல்லில் ஸ்டெம் செல் கலந்து பூசினோம், இரண்டே வாரத்தில் எலியின் புண் மூடிவிட்டது என்று கட்டுரை வந்தால், நான் முதலில் தேடுவது ஒரு சிலிகோன் வளையத்தை. எலித்தோலுக்கு அடியில் மெல்லிய தசைப்படலம் இருக்கு. வெட்டினால் அதுவே சுருக்குப்பை மாதிரி விளிம்புகளை இழுத்து மூடிவிடும். நமக்கோ அடியிலிருந்து புதுத் திசு வளர்ந்து, மேலே தோல் படரணும். காயத்தைச் சுற்றி வளையம் தைத்தால்தான் எலிக்கும் அப்படி ஆறும். 2004லேயே வந்த முறை. இன்னமும் பலர் தைப்பதில்லை.

அடுத்து, செல் கலக்காத வெறும் ஜெல் பூசிய எலி எங்கே? ஈரம் காப்பதே புண்ணை ஆற்ற உதவும். வைத்த செல்களில் பெரும்பாலானவை சில நாளில் செத்துப்போகும். அதற்குள் அவை சுரப்பதுதான் வேலை செய்யுது. 'மீசன்கைமல் ஸ்டெம் செல்' என்று 1991ல் பெயர் வைத்த அர்னால்ட் கேப்லனே, பெயரை மாத்துங்கன்னு 2017ல் எழுதினார்.

சர்க்கரை நோயாளியின் கால்புண் மாசக்கணக்கில் திறந்தே கிடக்கும். அதற்கு ஆரோக்கியமான இளம் எலியின் 14 நாள் படத்தைக் காட்டினால் எப்படி?