ஏமம் என்னும் சொல்லும் வடசென்னைப் படங்களும்

அரபு மொழியில் அலிஃப், மீம், நூன் என்னும் மூன்று எழுத்துகளை வேராகக் கொண்டு ஒரு சொற்குடும்பமே தழைத்திருக்கிறது. அச்சமின்மையைக் குறிக்கும் 'அம்ன்' அவ்வேரில் பிறந்தது. நம்பிக்கையாகிய ஈமானும், நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருளாகிய அமானிதமும் அவ்வேரினவே. நபி இப்ராஹீம் (அலை) அவர்கள் மக்கா நகருக்காக இறைஞ்சியபோது முதலில் வேண்டியது அந்த அம்னைத்தான். கனிகளாகிய உணவை அதன் பின்னரே வேண்டினார்கள். குறைஷ் அத்தியாயத்திலோ பசியும் அச்சமும் ஒரே வசனத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. தமிழில் இதற்கு நிகராக 'ஏமம்' என்னும் பழஞ்சொல் இருக்கிறது. நாட்டுக்கு அணிகள் ஐந்தென எண்ணிய வள்ளுவர், பிணியின்மையை முதலில் வைத்து, ஏமத்தை இறுதியில் வைத்தார். ஆக, இரு மொழிச் சான்றோரும் கள்வனும் கொலைஞனும் இல்லாத நிலையை மட்டுமே பாதுகாப்பென்று கருதினாரல்லர். உணவும் உடல்நலமும் அதனோடு ஒட்டிப் பிறந்தவை என்றே கண்டனர்.

இந்தப் பொருள் விரிவை மனத்திற்கொண்டு, வடசென்னையைக் காட்டும் தமிழ்த் திரைப்படங்களை நோக்குவது என் கருத்து. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்னும் பெயர்களைக் கேட்டவுடனே தென்சென்னைவாசி ஒருவர் புருவத்தை உயர்த்துகிறாரென்றால், அவருக்கு அந்தப் பழக்கத்தைக் கற்பித்ததில் வெள்ளித்திரைக்குப் பெரும்பங்குண்டு.

இவ்வகைப் படங்களுள் பெரிதும் பேசப்பட்டது, வெற்றிமாறன் இயக்கத்தில் 2018 அக்டோபரில் வெளிவந்த 'வடசென்னை'. அது எளிதில் ஒதுக்கத்தக்க படமன்று. வளர்ச்சியின் பேரால் கடலோரக் குடிகளை அகற்ற முனைவோரை எதிர்த்து நிற்கிறான் ராஜன். அவன் தன் ஆட்களாலேயே கொல்லப்படுகிறான். பின்னர் அன்பு என்னும் கேரம் ஆட்டக்காரன் அதே எதிர்ப்பின் வாரிசாகிறான். நிலம் யாருடையது என்னும் வினாவைக் கதையின் அடித்தளமாக இட்டவர் இயக்குநரே. ஆயினும் படம் முடிந்து வெளியே வருகிறவர் மனத்தில் நிற்பது எது? உணவு விடுதியில் ராஜன் வெட்டுண்டு சாகும் அந்த நீண்ட காட்சி. சிறைக்குள் நடக்கும் கத்திக்குத்து. நண்பனை நண்பன் காட்டிக்கொடுக்கும் வஞ்சகம். குடியிருப்பை அகற்ற ஆணையிடும் மேசை எங்கோ மங்கலாகத் தெரிகிறது. கத்தி மட்டும் கண்ணருகே பளபளக்கிறது. கலைஞர் எதன்மீது எவ்வளவு நேரம் கண்ணை நிறுத்துகிறாரோ, அதுவே அவருடைய தீர்ப்பு. படம் வந்த சில நாள்களில் மீனவ மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். இயக்குநரும் வருத்தம் கூறிச் சில பகுதிகளை நீக்கினார். அது அவருடைய பெருந்தன்மை. எனினும் நான் சொல்லும் குறை கத்தரிக்கோலால் தீர்வதன்று.

மதரஸாக்களில் நாம் ஓதிய ஹரீரியின் 'மகாமாத்' இங்கே நினைவுக்கு வருகிறது. கி.பி. 1122இல் மறைந்த அப்பெரும்புலவர் படைத்த அபூஸைத் ஒரு பொல்லாத எத்தன். வேடம் போடுவான், பள்ளிவாசலில் அழுது காசு பறிப்பான். ஆனால் அவன் ஸரூஜ் நகரத்தான் என்பதையும், அந்நகரம் சிலுவைப்போர்க் காலத்தில் அந்நியர் கைப்பட்டு அவன் வீடிழந்தவன் என்பதையும் ஹரீரி நம்மை மறக்க விடுவதில்லை. அவனுடைய பித்தலாட்டத்தைச் சுவைத்துக்கொண்டிருக்கும்போதே அந்த இழப்பு நெஞ்சில் உறுத்துகிறது. ஸரூஜ்காரர்கள் எல்லாரும் எத்தர்கள் என்று அந்நூலைப் படித்த எவரும் முடிவு கட்டியதில்லை.

'உள்ளதைத்தானே காட்டுகிறார்கள், அங்கே கொலை நடக்கவில்லையா?' என்று கேட்பார் உண்டு. நடக்கிறது. 2024 ஜூலை 5 அன்று பெரம்பூரில் பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் வெட்டிக் கொல்லப்பட்டதை யார் மறுக்க முடியும்? ஆனால் குற்றக் கணக்கைச் சான்றுக்கு அழைப்பவர், அது எவ்வாறு ஏறி இறங்குகிறது என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். அரசு அலுவலரின் ஆணையை மீறியதாக நாடு முழுவதும் பதிவான வழக்குகள் 2019இல் 29,469. மறு ஆண்டில் 6,12,179. மக்கள் ஓராண்டில் இருபது மடங்கு கெட்டுவிடவில்லை. பெருந்தொற்றுக்காகப் போடப்பட்ட முடக்கத்தில் தெருவுக்கு வந்தவர் மேலெல்லாம் வழக்கு எழுதப்பட்டது, அவ்வளவே. எண்ணுகிற கை எதை எண்ணத் துணிகிறதோ அதுவே குற்றமாகிறது.

எண்ணாமல் விடப்படுவது எது என்று கேட்டால் எண்ணூருக்குத்தான் போக வேண்டும். 2017 ஜனவரி 28 அன்று காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கடலில் கொட்டியது; அதை மனிதர்கள் வாளிகளால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியின் எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியே கழிமுகத்துக்குள் இறங்கியது. மீண்டும் மீனவர்கள் வாளியோடு படகேறினார்கள். அம்மாதம் 26ஆம் நாள் நள்ளிரவையொட்டி, கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்கு அமோனியா கொண்டுசெல்லும் கடலடிக் குழாய் கசிந்தது. பெரியகுப்பத்து மக்கள் மூச்சுத் திணறிப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினர். நகரங்களின் பாதுகாப்பை ஒப்பிடுவோர் எடுத்துக்காட்டும் கொலை, கொள்ளை, திருட்டு என்னும் நிரல்களில் அந்த இரவுக்கு இடமில்லை. இன்னொரு செய்தியும் சொல்லத்தக்கது. ராயபுரத்து வீடுகளில் படிந்த கரித்தூளுக்காகச் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியையும் இரும்புத் தாதுவையும் கையாள்வதை நிறுத்தி எண்ணூருக்கு மாற்றும்படி 2011இல் உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. ராயபுரம் மூச்சு விட்டது. தூள் வடக்கே சில கல் தொலைவு நகர்ந்தது. கடலும் காற்றும் நமக்கு அமானிதம் என்று மிம்பரில் முழங்கும் நாம் இதைப்பற்றி எத்தனை ஜும்ஆவில் பேசியிருக்கிறோம் என்பது வேறு கேள்வி.

பா. இரஞ்சித்தின் 'மெட்ராஸ்' (2014) இவ்வகையில் ஒரு படி மேலானது என்பேன். அங்கும் கொலைகள் உண்டு. ஆயினும் அச்சத்தின் இருப்பிடம் ஆளன்று, அரசியல் கட்சியாரின் உரிமைப் போரில் அகப்பட்ட ஒரு சுவர். நாயகன் கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கிறான். வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில் பெண்கள் தண்ணீருக்கும் திருமணத்துக்கும் சண்டையிட்டு வாழ்கிறார்கள். கத்தி இல்லாத நாள்களும் அவ்வூருக்கு உண்டென்று அப்படம் ஒப்புக்கொள்கிறது. அமோனியா இரவைக் கதையாக்கிய பெரிய படமொன்றை இன்னும் நான் காணவில்லை. அதில் வில்லனுக்கு முகம் கொடுப்பது கடினம் போலும்.

திருவொற்றியூரிலிருந்து வந்து என்னிடம் அரபு இலக்கணம் பயின்ற மாணவர் ஒருவர் 'வடசென்னை'யை இருமுறை பார்த்தவர். "ஹஜ்ரத், கேரம் பலகையைச் சுற்றி நிற்கிறார்களே, எங்கள் தெருவிலும் அச்சு அசலாக அப்படித்தான்" என்று மகிழ்ந்து சொன்னார். கத்தியைப்பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. வேலைக்கான விண்ணப்பங்களில் மட்டும் இன்றளவும் மண்ணடியிலுள்ள தம் மாமாவின் முகவரியையே எழுதிவருகிறார்.