தடை சொன்ன கடிதங்கள்

1204 ஏப்ரலில் சிலுவைப்படை கான்ஸ்டான்டினோபிளைச் சூறையாடியது. முஸ்லிம்களிடமிருந்து எருசலேமை மீட்கக் கிளம்பியவர்கள், கிறிஸ்தவ உலகின் மிகப் பெரிய நகரத்தைக் கொள்ளையடித்துவிட்டு அங்கேயே அரியணை போட்டு உட்கார்ந்தார்கள். இதில் போப் மூன்றாம் இன்னசென்டின் பங்கு என்ன என்று கேட்டால், அவருக்காகப் பேசுபவர்கள் உடனே அவருடைய கடிதங்களை எடுத்து நீட்டுவார்கள். கிறிஸ்தவர்கள்மேல் கை வைக்காதீர்கள் என்று அவர் எழுதினார். படை கேட்கவில்லை. ரோமில் இருந்த மனிதர் வேறென்ன செய்ய முடியும்?

கடிதங்கள் உண்மைதான். அவற்றை முழுசாகப் படிக்கும்போதுதான் அவர் கட்சி ஆட்டம் காண்கிறது.

1198இல், 37 வயதில் போப் ஆனவர் இன்னசென்ட். அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே சிலுவைப்போருக்கு அழைப்பு விடுத்தார். மறு ஆண்டு, குருமார்களின் வருமானத்தில் நாற்பதில் ஒரு பங்கை இந்தப் போருக்குக் கொடுக்க வேண்டும் என்று ஆணையிட்டார். தாமும் கர்தினால்களும் பத்தில் ஒரு பங்கு தருவதாக அறிவித்தார். சிலுவை ஏற்றுப் போகிறவர்களுக்குப் பாவங்களின் தண்டனையிலிருந்து விடுதலை உண்டு. எந்த மன்னனாலும் கொடுக்க முடியாத கூலி இது. ஐரோப்பாவின் ஒவ்வொரு ஊர்க் கோயிலிலும் பேச ஆளும், காசு திரட்டப் பெட்டியும் வைத்திருந்த ஒரே அமைப்பு திருச்சபைதான்.

ஆனால் கப்பல் அவரிடம் இல்லை. 1201இல் பிரெஞ்சுப் பிரபுக்களின் தூதர்கள் வெனிஸுடன் ஒப்பந்தம் போட்டார்கள். 33,500 பேர், 4,500 குதிரைகள்; ஆளுக்கு 2 வெள்ளி மார்க், குதிரைக்கு 4; மொத்தம் 85,000. கணக்கு சரி, ஆள்கணக்குத்தான் தப்பு. 1202 கோடையில் வெனிஸில் வந்து சேர்ந்தது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. இருந்ததையெல்லாம் சுரண்டிக் கொடுத்தும் 34,000 மார்க் பாக்கி. பார்வை இழந்த முதியவரான வெனிஸ் ஆட்சித்தலைவர் என்ரிகோ டாண்டலோ ஒரு வழி சொன்னார்: கடனைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் ஏட்ரியாட்டிக் கரையில் உள்ள ஸாரா நகரைப் பிடித்துக் கொடுங்கள். ஸாரா கத்தோலிக்க நகரம். அதற்குப் பாதுகாப்பாக இருந்த ஹங்கேரி மன்னர் தாமே சிலுவை ஏற்றவர்.

ஸாராவின் மதிலுக்கு வெளியே நடந்ததுதான் இந்தப் போரின் திறவுகோல் என்பேன். வோ மடத்தின் தலைவர் குயி, போப்பின் பெயரால் தாக்குதலைத் தடுத்துப் பேசினார். வெனிஸ்காரர்கள் அவரை வெட்டவே பாய்ந்தார்கள். சிமோன் த மோன்ஃபோர் என்ற பிரபு குறுக்கே நின்றார். தடை என்ன என்பது எல்லார் காதிலும் விழுந்தது. 1202 நவம்பர் 24 அன்று நகரம் வீழ்ந்தது. சிமோன் படையை விட்டு விலகினார். (அவரைப் புனிதராக்கிவிட வேண்டாம். ஏழே ஆண்டுகளில், இதே போப் அழைத்த இன்னொரு சிலுவைப்போரில் தென் பிரான்சின் ஊர்களை அழித்தவர் அவர்தான். அங்கே கொல்லப்பட்டவர்களும் கிறிஸ்தவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொண்டவர்களே.)

ஸாராவைத் தாக்கியதற்குத் தண்டனை சபை விலக்கம். அந்த விலக்கம் என்ன ஆனது என்று பாருங்கள். படையோடு இருந்த பிஷப்புகள் ரோமைக் கேட்காமலே எல்லாருக்கும் மன்னிப்பு வழங்கிவிட்டார்கள். போப் அதைச் செல்லாது என்றார். பிரெஞ்சுக்காரர்கள் ஆள் அனுப்பி மன்றாடியதும், இனி இப்படிச் செய்யமாட்டோம் என்ற உறுதிமொழியின்மேல் மன்னித்தார். வெனிஸ்காரர்கள் வருந்தவே இல்லை. அவர்கள்மீதான விலக்க ஆணையைப் படைத்தலைவர் போனிஃபாஸ் அறிவிக்காமல் நிறுத்திவைத்தார். அறிவித்தால் படை கலைந்துவிடும் என்பது அவர் சொன்ன காரணம்.

இந்த இடத்தில்தான் 1203 ஜூனில் இன்னசென்ட் எழுதிய கடிதம் வருகிறது. கான்ஸ்டான்டினோபிளை ஆண்ட கிரேக்கக் கிறிஸ்தவர்கள் ரோமுக்குக் கீழ்ப்படியவில்லை என்பதைச் சாக்காக வைத்து அவர்கள் நாட்டைப் பிடிக்கக் கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. அதோடு நின்றிருந்தால் நானும் அவர் பக்கமே நின்றிருப்பேன். விலக்கப்பட்ட வெனிஸ்காரர்களின் கப்பலில் போகலாமா என்ற கேள்விக்கு அவர் சட்டம் தேடிப் பதில் சொல்கிறார்: குடும்பத்தலைவன் விலக்கப்பட்டால் அவனோடு வாழும் வீட்டாருக்குத் தீட்டில்லை, அதுபோலப் பயணம் முடியும்வரை நீங்களும் போகலாம். கிரேக்கர்கள் உணவு தராவிட்டால், ஆளுக்குச் சேதமில்லாமல், பிறகு ஈடு கொடுக்கும் எண்ணத்தோடு எடுத்துக்கொள்ளலாம். தடையும் விதிவிலக்கும் ஒரே நேரத்தில் புறப்பட்டன. பசித்த படை எதைப் படிக்கும்?

அவருக்குச் சாதகமாக ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கடிதம் எழுதப்பட்டபோது கப்பல்கள் கோர்ஃபுவைக் கடந்துவிட்டன. அலெக்ஸியோஸ் என்ற கிரேக்க இளவரசன், கான்ஸ்டான்டினோபிளில் தன்னை அரியணை ஏற்றினால் 200,000 மார்க்கும் 10,000 வீரர்களும் தருவேன், கிரேக்கத் திருச்சபையை ரோமுக்குக் கீழ்ப்படுத்துவேன் என்று படைக்கு ஆசை காட்டியிருந்தான். ஏறினான். வாக்கைக் காப்பாற்ற முடியவில்லை. 1204 தொடக்கத்தில் அரண்மனைக்குள்ளேயே கொல்லப்பட்டான். இவ்வளவையும் ரோமிலிருந்து திட்டமிட்டார் என்பவர்கள் இன்னசென்டுக்கு இல்லாத திறமையைக் கொடுக்கிறார்கள்.

காசு கிடைக்காத படை நகரத்தையே பிடிக்கத் திரும்பியது. ஏப்ரல் 9 அன்று நடந்த முதல் தாக்குதல் தோற்றது. தேவனே நம்மைத் தண்டிக்கிறார் என்று படை கலங்கியது. 11ஆம் தேதி பிஷப்புகள் பிரசங்கம் செய்தார்கள்: கிரேக்கர்கள் துரோகிகள், ரோமுக்கு அடங்காதவர்கள், இந்தப் போர் நீதியானது, பாவமன்னிப்பு உண்டு. போப் எந்தக் காரணத்தைச் சாக்கு என்று தள்ளினாரோ, அதையே அவருடைய திருச்சபையின் வாய் சொன்னது. முகாமைத் தூய்மைப்படுத்த விலைமாதர்களைக் கப்பலேற்றித் தொலைவுக்கு அனுப்பினார்கள் என்று அங்கிருந்த ஏழை வீரர் ரொபேர் த கிளாரி எழுதிவைத்திருக்கிறார். நகரம் விழுந்த சில நாட்களில், அதன் தலைமைக் கோயிலான ஹாகியா சோபியாவுக்குள் கோவேறு கழுதைகளை ஓட்டிவந்து பொருள் ஏற்றினார்கள். கிரேக்கத் திருச்சபைத் தலைவரான முதுபெரும் தந்தையின் இருக்கையில் ஒரு விலைமாது உட்கார்ந்து பாடினாள். இது கிரேக்க வரலாற்றாசிரியர் நிகேதாஸின் சாட்சியம். அல்சாஸில் உள்ள பைரிஸ் (Pairis) மடத்தின் தலைவர் மார்ட்டின் ஒரு வயதான கிரேக்கக் குருவைக் கொன்றுவிடுவேன் என்று மிரட்டி, புனிதப் பண்டங்கள் இருந்த பெட்டியைத் திறக்கவைத்தார். இரண்டு கைகளையும் உள்ளே விட்டு அங்கி மடிப்பை நிரப்பிக்கொண்டார். அவருடைய மடத்துத் துறவியே இதைப் பெருமையாக எழுதியிருக்கிறார்.

எனவே என் தீர்ப்பு இது. கொள்ளைக்கு இன்னசென்ட் உத்தரவிடவில்லை, அந்தக் குற்றச்சாட்டு நிற்காது. ஆனால் திருச்சபைக்குச் சக்தி போதவில்லை என்ற வாதமும் நிற்காது. 11ஆம் தேதி துவண்டுகிடந்த படையை 12ஆம் தேதி மதிலேறவைத்தது அதே சக்திதான். தண்டிக்கும் அதிகாரம் ரோமில் இருந்தது, மன்னிக்கும் அதிகாரம் முகாமில் கையோடு இருந்தது. அப்படிப் பங்கு போட்டு அனுப்பியவரின் பொறுப்பு, கடிதம் எழுதியதால் தீர்ந்துவிடாது.

வந்த லாபத்தை அவர் மறுத்திருந்தால் என் தீர்ப்பு கொஞ்சம் இளகியிருக்கும். நகரம் விழுந்த செய்தி வந்ததும் அவர் முதலில் மகிழ்ந்தார். கிரேக்கத் திருச்சபை தாய்வீடு திரும்பியதாகக் கண்டார். வெனிஸ்காரரான தொமாஸோ மொரோசினியை முதுபெரும் தந்தையாகக் கான்ஸ்டான்டினோபிளில் தேர்ந்தெடுத்தபோது, தேர்தல் முறைப்படி நடக்கவில்லை என்று அதை ரத்துசெய்தார். பிறகு அதே மொரோசினியைத் தாமே நியமித்து, 1205 மார்ச்சில் ரோமில் அபிஷேகம் செய்து அனுப்பினார். கொள்ளையின் விவரங்களைச் சொல்லிக் கொதித்து அவர் எழுதிய கடிதம் அந்தக் கோடையில் வந்தது. மொரோசினியை அவர் திரும்ப அழைக்கவில்லை. 1211இல் சாகும்வரை மொரோசினிதான் அந்த இருக்கையில் இருந்தார்.