மஞ்சள் ஓடும் வழுக்குக் கண்ணாடியும்

பிரிக்பீல்ட்ஸைப் பற்றி எழுதும்போது தோரண வளைவு, பூக்கடை, வாழையிலைச் சாப்பாடு என்று கண்ணில் பட்டதையே எழுதுகிறோம். நானும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். இந்த வட்டாரத்தை இன்னும் நுட்பமாக வாசிப்பவர்கள் வேறு. 1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் வளாகம் இங்கேதான் இருக்கிறது. அதைச் சுற்றி வாழ்கிற, உடம்புப்பிடி நிலையங்களில் வேலை செய்கிற பார்வையற்றவர்கள் வாசிக்கும் பிரதி, நடைபாதையில் பதித்திருக்கும் மஞ்சள் ஓடுகள்.

அதற்கு இரண்டே எழுத்து. நீள்கோடு என்றால் நட. புள்ளி என்றால் நில், கவனி. இந்த வகை ஓட்டை 1965இல் உருவாக்கியவர் ஜப்பானியரான செய்இச்சி மியாகே. 1967இல் ஒக்கயாமாவில், ஒரு பார்வையற்றோர் பள்ளிக்கு அருகே முதலில் பதித்தார்கள்.

சும்மா நிற்கிறவரிடம் இந்த ஓடு பேசுவதில்லை. எனக்குப் பழக்கமான பார்வையற்ற பெரியவர் ஒருவர் சொன்னார்: "தடிய ஊணிக்கிட்டு நின்னா ஒண்ணும் தெரியாது தம்பி. ஆட்டணும், நடக்கணும். அப்பதான் ரோடு பேசும்." உளவியலாளர் ஜேம்ஸ் கிப்சன் 1966இல் ஒரு முழு நூலாக வாதிட்டதும் ஏறக்குறைய இதைத்தான். புலன்கள் செய்திக்காகக் காத்திருப்பவை அல்ல, தேடிப் போகிறவை. அசைவதால் அறிகிறோம், அறிவதால் அடுத்த அடியை வைக்கிறோம்.

இந்த அளவுகோலோடு தொடுதிரை டிக்கெட் இயந்திரத்தின் முன்னால் நின்றால் இடிக்கிறது. பொத்தான் வைத்த இயந்திரத்தில் விரல் முதலில் தடவித் தேடும், பிறகு அழுத்தும். தேடல் வேறு, கட்டளை வேறு. வழுக்குக் கண்ணாடியிலோ தேடுவதற்காகத் தொட்டதே கட்டளையாகிவிடுகிறது. இது தீர்க்க முடியாத சிக்கலும் இல்லை. 2009இல் ஐபோனுக்கு வந்த வாய்ஸ்ஓவர், ஒருமுறை தொட்டால் பெயரை வாசித்துக் காட்டியது. இரண்டு முறை தட்டினால்தான் வேலையைச் செய்தது. தடவிப் பார்க்கும் உரிமை விரலுக்குத் திரும்பக் கிடைத்தது. அதே பெரியவர் கைத்தொலைபேசியில் கடகடவென்று பணம் அனுப்புகிறார். டிக்கெட் எடுக்க மட்டும் யாரையாவது கூப்பிடுகிறார்.

2010 அக்டோபரில் மலேசிய, இந்தியப் பிரதமர்கள் சேர்ந்து இங்கே லிட்டில் இந்தியாவைத் திறந்துவைத்தார்கள். வளைவுக்கும் வண்ணத்துக்கும் நாம் கொடுத்த கவனத்தில் பாதியைக்கூடத் தரைக்குக் கொடுக்கவில்லை என்பது என் குற்றச்சாட்டு. எழுத்தாளர்களையும் சேர்த்தே சொல்கிறேன். ஓட்டைப் பதித்தால் மட்டும் வடிவமைப்பு முடிந்துவிடாது. அதன்மேல் எதை நிறுத்துகிறோம் என்பதும் வடிவமைப்புதான்.

ஒரு சாயங்காலம் பூ வாங்கும் அவசரத்தில் என் மோட்டாரை அந்த மஞ்சள் கோட்டின்மேல் நிறுத்தினேன். திரும்பி வந்தபோது ஒரு வெள்ளைத் தடி சக்கரத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. இரண்டு தட்டு. பிறகு அவர் மெல்ல ஒதுங்கி, கார்கள் ஓடும் ரோட்டில் இறங்கினார். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"யாரோ மோட்டார நிப்பாட்டிட்டாங்க போல," என்றார்.

அந்த யாரோ நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.