நெய்தல் திணையிற் கழி

நெய்தல் என்றவுடன் கடலையே கருதுதல் பெருவழக்கு. கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் என வகுத்துக்கொண்டு, கழியைச் சார்ந்த இடங்களுள் ஒன்றாக அடக்கிச் செல்வாரே பலர். ஆயின், அகநானூற்றில் 10, 20, 30 என எண்பெற்று வரும் 40 நெய்தற் பாட்டுக்களையும் ஊன்றி நோக்குவார்க்கு, கடலினும் கழியே காதல் நிகழ்ச்சிக்கு அணுகிய களமாதல் பலவிடத்தும் புலனாகும்.

ஓதம் ஏறுங்கால் கடல்நீர் புகுந்து நிரம்புவதும், இறங்குங்கால் உவர்ச்சேறு வெளிப்படுவதும் கழியின் இயல்பு. தொல்காப்பியர் முதற்பொருளை நிலமும் பொழுதும் என இரண்டாகப் பகுத்தார். பிற திணைகளிற் பொழுது மாற நிலம் நிலைபெறும். கழியிலோ நாள்தோறும் இருமுறை நிலம் நீராகின்றது, நீர் நிலமாகின்றது. நிலமும் பொழுதும் பிரிப்பின்றி இயைந்த இடம் இதுவே எனலாம்.

இவ்வியல்பு பாட்டின் பொருளோடு ஒட்டியதா, வெறும் புனைவா என்பது ஆராயத்தக்கது. அகநானூறு 80-இல், முதலையும் சுறாவும் வழங்கும் கழியை இரவிற் கடந்து வந்த தலைவனைத் தோழி பகலில் வருமாறு குறிப்பிக்கின்றாள். குறிஞ்சித் தலைவனும் காட்டாற்றைக் கடக்கின்றான் அன்றோ எனின், அது மழையால் நேரும் ஏதம். மழை ஓயின் அதுவும் ஒழியும். கழியின் ஏதம் ஒருநாளும் ஒழியாது. பொழுதறிந்து கடத்தற்கே உரியது. ஆகலின், காத்திருந்து இரங்கும் உள்ளத்திற்குக் கழி இயைபுடைய நிலமாயிற்று.

இவ்வுண்மை ஏட்டளவில் நிற்பதன்று. குப்பையும் இடிபாடும் கொட்டப்பெற்றுத் தூர்ந்த அடையாற்றுக் கழியின் ஒரு பகுதி சீர்செய்யப்பெற்று, 2011-இல் தொல்காப்பியப் பூங்கா என்னும் பெயரோடு திறக்கப்பெற்றது. அதனைச் சூழ நகரத்து மனைகள் நெருங்கியுள்ளன. மனையுறைவார்க்குக் கழிச்சேற்றின் நாற்றம் வெறுப்பைத் தருதல் கூடும். நற்றிணை 45-இல், நகரச் செல்வனாகிய தலைவனை நோக்கித் தோழி தம் புலவு நாற்றத்தை மறையாது உரைத்து, தம் எளிய வாழ்வின் பெருமிதம் தோன்ற அவனை விலகி நிற்கச் சொல்கின்றாள். கழியை அதன் மணத்தோடு ஏற்றவர் அப்புலவர்.

அடையாற்றின் முகத்துவாரம் அடிக்கடி மணலால் அடைபடுவது. ஓதம் புகாத கழி, முதற்பொருளின் ஒரு கூறாகிய பொழுதை இழந்து வெற்று நிலமாக எஞ்சும். தொல்காப்பியர் பெயரைச் சூட்டியவர்க்கு ஓதத்தின் வழியைக் காத்தலும் கடனாம்.