பத்து லட்சம் புத்தகம், ஒரு கேள்வி

மகனோ மகளோ கலிஃபோர்னியாவில் இருந்தால் இந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லி கோர்ட்டுக்குப் போய்விட்டால், அங்கே பதில் மனு போட 10 நாள்தான், விடுமுறை நீங்கலாக. 2024 முடியும்வரை இது 5 நாளாக இருந்தது.

‘சர்க்கார் இலவச வக்கீல் தராதா?’ என்பீர்கள். 1963-ல் கிடியன் வழக்கில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் வக்கீல் உரிமையைக் கொடுத்தது கிரிமினல் வழக்கில் மாட்டியவர்களுக்கு. திருடினான் என்று பிடித்தால் வக்கீல் உரிமை உண்டு. வாடகை பாக்கி, விவாகரத்து, குழந்தை யாரிடம் வளர்வது போன்ற சமாசாரங்களுக்கு அரசியல் சட்டத்தில் அப்படியொரு உரிமை இல்லை. இலவச சட்ட உதவிக்காரர்கள் இருக்கிறார்கள்; அவர்கள் வாசலில் கியூவும் இருக்கிறது. (அந்த கிடியனே ஃப்ளோரிடா சிறையில் சட்டப் புத்தகம் படித்து, பென்சிலால் மனு எழுதிப் போட்டவர்தான்.)

மிச்சம் இருக்கிற வழி, லாஸ் ஏஞ்சலஸ் சட்ட நூலகம். 1891-ல் கலிஃபோர்னியா சட்டமன்றம் கவுன்ட்டிக்கு ஒன்று என்று ஏற்படுத்திய நூலகங்களில் மிகப் பெரியது. கோர்ட்டுகளுக்குப் பக்கத்தில் 1953-ல் திறந்த கட்டடம். தாளிலும் மைக்ரோஃபிலிமிலுமாக ஏறக்குறைய 10 லட்சம் தொகுதிக்குச் சமமான சரக்கு. வெளிநாட்டுச் சட்டமும் ஏராளம். நீதிபதிக்கும் வக்கீலுக்கும் மட்டுமில்லாமல் கவுன்ட்டியில் குடியிருக்கும் எவருக்கும் அனுமதி இலவசம். பெரிய ஆபீஸ்கள் காசைக் கொட்டி வாங்கும் வெஸ்ட்லா போன்ற சேவைகளை இங்கே கம்ப்யூட்டரில் சும்மா பார்க்கலாம். எந்த ஃபாரத்தை எப்படி நிரப்புவது என்று வகுப்பு எடுக்கிறார்கள். தன்னார்வ வக்கீல்கள் சில நேரம் வந்து உட்கார்ந்து பேசுகிறார்கள். எனக்கு இதிலெல்லாம் குறையே இல்லை, பொறாமைதான். நம்ம ஊரில் கோர்ட் வளாக நூலகம் பெரும்பாலும் வக்கீல் சங்கத்துக்குச் சொந்தம். வழக்கு போட்டவர் உள்ளே நுழைந்தால் ‘யார் சார் நீங்க?’ என்பார்கள்.

குறை வேறு இடத்தில். கவுன்ட்டரில் போய் நோட்டீஸைக் காட்டி, “இப்ப நான் என்ன செய்யறது?” என்று கேளுங்கள். நூலகர் சொல்ல மாட்டார். தெரியாமல் இல்லை, பல பேருக்குக் கரைத்துக் குடித்த விஷயம். சொன்னால் அது சட்ட ஆலோசனை ஆகிவிடும். வக்கீல் அல்லாதவர் அதைச் செய்வது அந்த மாநிலத்தில் குற்றம். ஆக, 10 லட்சம் தொகுதி இருந்தும் வந்தவர் கேட்ட ஒரே கேள்விக்குப் பதில் இல்லை. இந்த விதி போலி ஆலோசகர்களிடமிருந்து ஜனங்களைக் காப்பாற்ற என்கிறார்கள். வாஸ்தவம். ஆனால் தொழிலையும் சேர்த்துக் காப்பாற்றுகிறது. 1971-ல் பெர்க்லியில் ஆரம்பித்த நோலோ பதிப்பகம், விவாகரத்தை நீங்களே செய்துகொள்வது எப்படி என்று புத்தகம் போட்டபோது வக்கீல்கள் முகம் சுளித்தார்கள். டெக்சஸில் அதே பதிப்பகத்தின் புத்தகங்கள் விசாரணை வரைக்கும் போய், 1999-ல் சட்டத்தைத் திருத்தி, புத்தகம் எழுதுவது வக்கீல் தொழில் ஆகாது என்று சொல்லவேண்டி வந்தது!

இன்னொன்று பணம். இந்த நூலகத்துக்கு முக்கிய வருமானம் வரிப்பணம் இல்லை. சிவில் வழக்கு போடுகிறவர் கட்டும் கட்டணத்தில் ஒரு சின்னத் துண்டு இங்கே வருகிறது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பரம ஏழைக்கு கோர்ட் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும்போது இந்தத் துண்டும் சேர்ந்து போய்விடுகிறது. யாருக்கு நூலகம் ரொம்பத் தேவையோ அவரால் அதற்கு வருமானம் இல்லை. 2009-க்கு அப்புறம் வழக்குகளும் குறைந்தன, புத்தக விலையோ ஏறிக்கொண்டே போனது. 2018-ல் மாநில அரசு எல்லா கவுன்ட்டி நூலகங்களுக்கும் சேர்த்து ஒரு தடவை உதவித்தொகை கொடுத்தது. ஒரு தடவை! ரோடு போடுவதற்கு, ‘விபத்தில் சிக்கியவர்களிடம் வசூலித்துக்கொள்’ என்று யாராவது சொல்வார்களா?

‘சட்டம் தெரியாது’ என்பது சாக்கு ஆகாது என்பது எல்லா ஊரிலும் விதி. 1951-ல் ஹர்லா வழக்கில் நம்ம சுப்ரீம் கோர்ட் அதற்கு மறுபக்கத்தைச் சொன்னது: ஜெய்ப்பூரில் ஊருக்கு அறிவிக்காமலே போட்ட அபின் சட்டத்துக்காக ஒரு மனிதரைத் தண்டிக்க முடியாது. அறிவித்தால் மட்டும் போதுமா, புரியவும் வேண்டாமா என்று அடுத்த கேள்வியை நான் கேட்கிறேன்.

அதுவரை, மகனிடம் ஒன்று சொல்லிவையுங்கள். அந்தக் கவுன்ட்டரில் “நான் என்ன செய்யறது?” என்று கேட்காதே. “இந்த நோட்டீஸ் வந்தவங்க எந்தப் புத்தகம் படிப்பாங்க, எந்த ஃபாரம் எடுப்பாங்க?” என்று கேள். அதற்குப் பதில் சொல்வார்கள், பக்க எண்ணோடு.